எதிர்ப்பக்கத்துத் தம்பி

சதுரமோ செவ்வகமோ, அதன் எதிர்ப்பக்கங்கள் எந்நேரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று படித்தவர்களே நம்புகிறார்கள். வருந்தத்தக்க பிழை. கோடுகளுக்குக் கண் கிடையாது.

வீழிநாதருக்கு இது தெரியும். காது உண்டா என்பதுதான் அவருக்குச் சந்தேகம்.

ஓய்வுபெற்றபின் பொழுது போகாமல், வடிவ கணிதம் கற்க சௌந்தரவல்லியிடம் வந்து சேர்ந்தவர் அவர். ஆசிரியைக்கு அவர் வயதில் பாதி.

அன்று வீழிநாதர் பாடப் பலகையைத் தொடவில்லை.

"அம்மா, நானும் என் தம்பி ஐயாறப்பனும் ஒரே வீடுதான். முற்றத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். பேச்சு வார்த்தை இல்லை."

"ஏன் ஐயா?"

"பாகம் பிரித்தபோது சுவரைக் கோணலாக எழுப்பினான். சொன்னேன். கேட்கவில்லை."

"கோணல்தானா?"

"நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு சாண் விலகல்."

"அப்படியானால் நீங்கள் சொன்னது சரி."

"சரிதான். அதை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறேன்."

சௌந்தரவல்லி பாடப் பலகையை ஓரமாக வைத்தார்.

"ஒரு வாரமாக அவன் இருமுகிறான், அம்மா. என் பக்கம்வரை கேட்கிறது. நேற்று சுக்குக் கஷாயம் போட்டேன்."

"கொடுத்தீர்களா?"

"ஆறிப்போயிற்று. நானே குடித்துவிட்டேன்."

"நன்றாக இருந்ததா?"

"எனக்கு இருமல் இல்லையே." வீழிநாதர் தரையைப் பார்த்தார். "நாங்கள் இணைகோடுகள். எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காது. நீங்கள் நடத்திய பாடம்தான்."

சௌந்தரவல்லி எழுந்துபோய் ஒரு மூங்கில் சட்டத்தைக் கொண்டுவந்தார். நீளமான பட்டைகள் இரண்டு, குட்டையானவை இரண்டு, மூலைக்கு ஓர் ஆணி. தரையில் வைத்தார்.

"இது?"

"செவ்வகம்."

ஒரு மூலையை விரலால் தள்ளினார். சட்டம் சாய்ந்தது.

"இப்போது?"

"இணைகரம்."

"எதிர்ப்பக்கங்கள்?"

"இன்னும் இணைதான்."

மேலும் தள்ளினார்.

"இப்போது?"

"இணைதான்." குரல் இறங்கியிருந்தது.

கடைசிவரை தள்ளினார். நீளப் பட்டைகள் இரண்டும் தோளோடு தோள் ஒட்டிப் படுத்தன.

வீழிநாதர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இணைதான்."

"நீளம் குறைந்ததா?"

"இல்லை."

"பிறகு எதுதான் போயிற்று?"

அவர் ஒரு மூலை ஆணியை விரலால் தொட்டார்.

"செங்கோணம்," என்றார்.

"வேறே?"

"வேறொன்றும் இல்லை."

மறுநாள் அவர் பாடத்துக்கு வரவில்லை.

அந்த வாரத்திலிருந்து பால்காரர் அந்த வீட்டில் இரண்டு பாத்திரங்களுக்குப் பதில் ஒரே பாத்திரத்தில் இருவருக்குமான பாலை ஊற்றினார்.