மைனா வைத்த பெயர்

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். மனிதர்களுக்கு அப்போது வீடு கிடையாது. மேகம் போகும் திசையில் நடந்துகொண்டே இருந்தார்கள். நின்றால் மேகம் கைவிட்டுப் போய்விடுமே என்று பயம். கிழங்கு தின்பதுகூட நடந்தபடிதான்.

அப்படிப் போன ஒரு கூட்டத்துக்கு மூவன் தலைவன். சாத்தி அவனுடைய தங்கை. ஒருநாள் அவள் புருஷன் கீரன் காய்ச்சல் தாங்காமல் வறண்ட ஆற்றங்கரையில் விழுந்துவிட்டான்.

"தூக்கி நிறுத்து, போகலாம்" என்றான் மூவன். அவன் கண் மேகத்தின் மேலேயே இருந்தது.

"இவனால ஒரு அடி எடுத்து வைக்க முடியாது அண்ணே. ரெண்டு நாள் பொறு."

"மேகம் பொறுக்குமா? பிள்ளைங்க தண்ணிக்குத் தவிச்சுச் சாகணுமா? அவனை விட்டுட்டு வா."

சாத்தி கையிலிருந்த ஊன்றுகோலை மணலில் ஆழ நட்டாள். கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்விட்டது.

கோலின் மேல் கிளைகளைச் சாய்த்துக் கோரைப்புல்லைப் பரப்பினாள். ஒருவர் படுக்க, ஒருவர் குந்த இடம். பிறகு ஆற்று மணலைக் கையால் தோண்டினாள். நகம் பிய்ந்தது. இடுப்பளவு ஆழத்தில் ஈரம் கசிந்தது. சிரட்டையில் ஏந்தி வந்து கீரனின் உதட்டில் வைத்தாள்.

"குடி."

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னும் ஒரு வாய். குடி."

மூன்று நாள் அவள் வாயில் வேறு பேச்சில்லை. கூரைமேல் உட்கார்ந்திருந்த ஒரு மைனா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மேகமோ மலைக்கு அப்பால் கலைந்துபோனது. மூவனுக்கு நடக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பறந்து வந்த அந்த மைனாவைப் பார்த்து, "என் தங்கச்சி உயிரோட இருக்காளா? எங்கே இருக்கா?" என்று கத்தினான்.

"குடியில் இருக்கிறாள்" என்றது மைனா.

"குடியா? அது என்ன?"

"நாலு குச்சி, கொஞ்சம் புல். உள்ளேயிருந்து குடி, குடி என்று சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது."

கூட்டம் ஓடிவந்தது. மூவன் குனிந்து உள்ளே பார்த்தான். கீரன் எழுந்து உட்கார்ந்திருந்தான். சாத்தி அண்ணனைத் திட்டவில்லை. சிரட்டையை நீட்டி, "குடி அண்ணே" என்றாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைக் கீரனிடம் நீட்டினான்.

மறுநாள் மூவனும் பக்கத்திலேயே ஒரு கோலை நட்டான்.

அன்று முதல்தான் மனிதர் தங்கும் இடத்துக்குக் குடி என்று பெயர் வந்தது. அங்கே சேர்ந்து வாழ்கிறவர்களும் குடி ஆனார்கள். புல் வேய்ந்த சின்னக் குடி குடிசை ஆனது. புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், பாய் பாத்திரத்துக்கெல்லாம் முன்னால் ஒரு குடம் தண்ணீரை உள்ளே கொண்டுபோய் வைப்பதும் அன்று முதல்தான்.