கன்னார் தெரு ஆராய்ச்சி

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், ரொம்பப் பழைய காலம். செம்மாநாட்டை வீரகண்டன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அறுபது வயதை நெருங்கும்போது அவரை ஓர் ஏக்கம் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் செவிலித்தாயின் இடுப்பில் உட்கார்ந்து, செம்பு பித்தளைப் பாத்திரம் செய்கிற கன்னார் தெருவுக்குப் போவாராம். தகடு தட்டுகிற சத்தமும் துருத்திச் சத்தமும் காதை அடைக்கும். என் குடத்தைப் பார், அவன் குடத்தைப் பார் என்று கடைக்காரர்கள் மல்லுக்கட்டுவார்கள். அதெல்லாம் எவ்வளவு இனிமையான நாட்கள்! இப்போது பேரிகை முழங்கப் பல்லக்கில் போனால் தெருவில் ஒரு சத்தம் இல்லை, எல்லோரும் கைகட்டி நிற்கிறார்கள். என் ஊர் செத்துப்போய்விட்டதே என்று ராஜா சோற்றில் கை வைக்காமல் புலம்பினார்.

நாட்டில் என்னென்ன தொழில் நடக்கிறது, யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஆராய்ந்து வரும்படி உத்தண்டராயரை அனுப்பினார். சபையில் மூத்தவர் இவர். மந்திரி சேந்தனைக் கண்டாலே இவருக்கு வயிறு எரியும். குடை, கொடி, பேரிகை சகிதமாக ஒரு மாதம் தெருத்தெருவாகப் போய்வந்து, சபையில் சுவடியைப் பிரித்தார்.

"கன்னார் தெருவில் நாற்பது பட்டறை, இருநூறு ஆள். ஒருவர் கையிலும் வேலை இல்லை, மகாராஜா. போட்டி போட்டே அழிந்துவிட்டார்கள். ஊருக்கு அரண்மனைப் பட்டறை ஒன்று போதும், என் மருமகன் பார்த்துக்கொள்வான். இவர்களை எல்லையில் கால்வாய் வெட்ட அனுப்பிவிடலாம்."

சும்மா நிற்கிறவர்களை நாமும்தானே பார்க்கிறோம் என்று ராஜா கனத்த மனசோடு முத்திரை வைக்கப் போனார். சேந்தன் எழுந்து, ஒரு நாழிகை பொறுக்கச் சொன்னான். உத்தண்டராயர் ஆராய்ந்த அதே முறையில் அரண்மனையையும் ஆராய்ந்துவிடுவதாகச் சொன்னான். ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை, சரி என்றார்.

அரண்மனைக்குள் ஒருநாளும் முழங்காத பேரிகை அன்று முழங்கியது. சமையல்கட்டில் கரண்டி நின்றது. எழுத்தர்கள் எழுத்தாணியைக் கீழே வைத்தார்கள். உத்தண்டராயரும் சுவடியை வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கைகட்டி எழுந்தார்.

சேந்தன் சுற்றிவந்து பணிவாகச் சொன்னான்: "இங்கே முந்நூறு பேர். உத்தண்டராயர் உட்பட ஒருவர் கையிலும் வேலை இல்லை. எல்லோரையும் கால்வாய்க்கு அனுப்பிவிடலாமா?"

சபை சிரித்தது. உத்தண்டராயர் முகம் சிவந்து, பேரிகை கேட்டால் வேலையைப் போட்டுவிட்டுக் கைகட்ட வேண்டும் என்பது ராஜ கட்டளை ஆயிற்றே என்று சீறினார்.

"இப்படி ஒரு முட்டாள் கட்டளையைப் போட்டது யார்?" என்றார் ராஜா.

சேந்தன்தான் மெதுவாகச் சொன்னான்: "பட்டம் கட்டிக்கொண்ட அன்று தாங்கள்தான், மகாராஜா."

ராஜாவுக்கு ஞாபகம் வந்தது. அப்போது இருபத்தைந்து வயது, தலையில் புதுக் கிரீடம், தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும். இத்தனை வருஷமாக எந்தச் சத்தத்துக்கு ஏங்கினாரோ, அதன் வாயை அடைத்தது அவரேதான். அவர் கண் கலங்கிவிட்டது. அந்தக் கட்டளை ஓலையை வரவழைத்துக் கிழித்துப் போட்டார். நாட்டின் தொழில் நிலவரத்தை இனி சேந்தனே ஆராயட்டும் என்று தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். உத்தண்டராயர் கையில் ஓர் ஓட்டைக் குடத்தைக் கொடுத்து, குடையில்லாமல் நடந்துபோய் அடைத்து வரச் சொன்னார். தானும் சாதாரண வேட்டி துண்டோடு பின்னாலேயே கிளம்பினார்.

தெருமுனையிலேயே அந்தச் சத்தம் வந்து மோதியது. ராஜா அசையாமல் நின்றார். குடத்தைக் கண்டதும் மூன்று பட்டறைக்காரர்கள் உத்தண்டராயரைச் சூழ்ந்துகொண்டார்கள். உச்சிப்பொழுதுக்குள் அடைத்துத் தருகிறேன் என்றான் ஒருவன். மறுபடி ஒழுகினால் புதுக்குடமே தருகிறேன் என்றான் இன்னொருவன். மூன்றாமவன் பேசவில்லை, குடத்தையே பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். உத்தண்டராயர் வெறுங்கையோடு விழித்தார்.

ராஜா கடைசிப் பட்டறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். பல்லக்குத் திரைக்கு வெளியே அவர் முகத்தை யார் பார்த்தார்கள்? உள்ளே இருந்த கன்னார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னய்யா, வேலைவெட்டி இல்லாம நிக்கிறீரு? வாரும், இந்தத் துருத்தியக் கொஞ்சம் ஊதும்."

ராஜா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தத் தெரு முழுக்க வேலையில்லாமல் நின்றவர் அவர் ஒருவர்தான், அவருக்கும் வேலை கிடைத்துவிட்டது.