என்ன காய்ச்சல்?

செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்தில், பஸ் வந்து திரும்பும் இடத்தில் தயாவதி அக்காவின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஜெப அறை, ஒரு சமையல் கட்டு, நாலைந்து வேப்பமரம். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டு கீரை பயிரிட்டுப் பிழைக்கிற சில பெண்கள். அக்காவிடம் கேள்வியோடு போனால் அவரும் கேள்விதான் கேட்பார். அதனால் போகிற கூட்டமும் குறைவு.

போகிறவர்களில் முக்கியமானவர் சுவாமியடியான் உபதேசியார். அக்காவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார், தம்மை அவருடைய சீடன் என்றுதான் சொல்லிக்கொள்வார். அடுத்த ஊர்க் கோயிலில் ஆராதனை நடத்துவதும், ஊரின் நல்லது கெட்டதுக்குப் போய் ஜெபம் பண்ணுவதும் அவர் வேலை.

அவரிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. வருஷப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொன்றாக எடுக்கிறார்களே வாக்குத்தத்த அட்டை, ஒரு வசனம் அச்சடித்தது, அதில் மிஞ்சியதையெல்லாம் பல வருஷமாகச் சேர்த்து அந்த டப்பாவில் வைத்திருந்தார். வீடு கட்டலாமா, பையனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா என்று யார் வந்து கேட்டாலும் கண்ணை மூடி ஜெபித்து ஒரு அட்டை எடுப்பார். வருகிற வசனம்தான் பதில். ஊரில் ஒரு காரியம் என்றால் டப்பா முன்னால் போகும், உபதேசியார் பின்னால் போவார். நல்ல மனிதர். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, அதனாலேயே அவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அந்த டப்பாவோடு வந்து நின்றார். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அக்கா, எனக்கு ஒரு அட்டை எடுத்துத் தரணும்.”

“உங்க டப்பா, உங்க கை. நான் எதுக்கு?”

“என் கை மேல எனக்கு நம்பிக்கை போயிட்டு.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“லில்லி வந்திருக்கா” என்றார் உபதேசியார்.

லில்லிபுஷ்பம் அவருடைய ஒரே மகள். தாயில்லாமல் வளர்ந்தவள். கோயிலில் அவள் குரல் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சுருதி பிடிப்பார்கள். போன வருஷம் அவளை அத்திவிளையில் கட்டிக் கொடுத்திருந்தார்.

“நல்லா இருக்காளா?”

“இடது காது கேக்கல. ஆஸ்பத்திரில காட்டிப் பாத்தாச்சு. இனிமே கேக்காதுன்னுட்டாவ.”

அக்காவின் கை கீரையில் நின்றுவிட்டது.

“அடியா?”

உபதேசியார் தலையசைத்தார்.

“பாடுதாளா?”

“சுருதி தெரிய மாட்டேங்குதுன்னு வாயே தொறக்கதில்லக்கா.”

உபதேசியார் ஒரே மூச்சில் சொன்னார்.

“நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் மாப்பிள்ளையும் அவரு அம்மையும் கூட்டிட்டுப் போக வாராவ. கோவத்துல கை நீட்டிட்டான், இப்ப பீடத்துக்கு முன்னால முழங்கால் போட்டுச் சத்தியம் பண்ணிட்டான்னு சொல்லுதாவ. உபதேசியார் வீட்டுப் பிள்ளையே வாழாம வந்து இருக்கலாமான்னு கேக்காவ. அனுப்பவா, வேண்டாமா? நீங்க ஒரு அட்டை எடுங்க. என்ன வந்தாலும் கட்டுப்படுதேன்.”

“கல்யாணம் பேசும்போது என்ன அட்டை வந்துச்சு?”

“பயப்படாதேன்னு வந்துச்சு.”

“லில்லி என்ன சொன்னா?”

உபதேசியார் டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளைக்கு இது ரெண்டாம் கல்யாணம். மொத பெண்சாதி காய்ச்சல்ல போயிட்டான்னு சொன்னாவ. இவ எங்கிட்ட வந்து, என்ன காய்ச்சல்னு ஒரு வார்த்தை விசாரிச்சிட்டு வாங்கப்பான்னா.”

“விசாரிச்சீங்களா?”

“விசுவாசம் இல்லாம பேசுதியேன்னு சத்தம் போட்டேன்.”

அதைச் சொல்லிவிட்டு உபதேசியார் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா தடுக்கவில்லை.

“ஞானத்துக்காக நான் ஜெபிக்காத நாள் உண்டாக்கா? விடியக்காலம் எந்திரிச்சு, ஆண்டவரே எனக்கு ஞானத்தைத் தாரும், எம் பிள்ளைக்கு நல்ல வழியைக் காட்டும்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். எனக்கு ஏன் தரல?”

“கேட்டுட்டு என்ன செஞ்சீங்க?”

“காத்திருந்தேன்.”

“எங்க?”

“வீட்டுலதான்.”

அக்கா கீரைத் தட்டை உள்ளே கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினார். குடையை எடுத்துக்கொண்டார்.

“வாங்க, அத்திவிளைக்குப் போயிட்டு வருவோம்.”

“மாப்பிள்ளை வீட்டுக்கா?”

“அந்தத் தெருவுக்கு.”

அத்திவிளை பஸ் உபதேசியார் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. தினமும் போகிறது. அதன் ஆரன் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் காலை ஜெபத்தை முடித்துக்கொண்டு எழுந்திருப்பது வழக்கம். அன்றைக்கு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தம் வீட்டையே பார்த்தார். லில்லி முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பஸ் அவளுக்கு இடது பக்கமாக வந்து, ஆரன் அடித்துக்கொண்டு கடந்து போயிற்று. அவள் சத்தம் வந்த பக்கம் தெரியாமல் வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அத்திவிளையில் தெருமுனைக் குழாயடியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பக்கத்துப் பாலச் சுவரில் உட்கார்ந்து குடையை மடக்கினார்.

“கொஞ்சம் குடிக்கத் தாயேன் தாயி.”

நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி செம்பில் மொண்டு கொடுத்தாள். அக்கா குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்.

“இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த பிள்ளை ஒண்ணு காய்ச்சல்ல போயிட்டாமே. அது என்ன காய்ச்சல்?”

“காய்ச்சலா?” அந்தப் பெண் இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தாள். “யாரு சொன்னா?”

அக்கா உபதேசியாரைப் பார்த்தார். அவர் மெல்லச் சொன்னார்.

“அவ மாமியாருதான் சொன்னா.”

“நல்லாச் சொன்னா. கெணத்துல எறங்கித் தூக்கினது எங்க வீட்டுக்காரரு.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அந்தப் பிள்ளை எத்தனை தடவை தாய் வீட்டுக்கு ஓடிச்சு தெரியுமா? ஒவ்வொரு தடவையும் இவன் போய்ச் சத்தியம் பண்ணுவான். அவ அப்பா கொண்டாந்து விட்டுட்டு, ஜெபம் பண்ணிட்டுப் போவாரு. கடைசியில ஒரு காது கேக்காமலே போச்சு. அவகிட்ட பேசணும்னா நாங்க வலது பக்கமா போய் நின்னுதான் பேசுவோம்.”

உபதேசியார் பாலச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அய்யா யாரு?” என்றாள் அந்தப் பெண்.

“போன வருஷம் அந்த வீட்டுக்கு ரெண்டாவதா வாக்கப்பட்டு வந்தாளே, அவ தகப்பன்” என்றார்.

குடம் நிறைந்து தண்ணீர் வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்க வீட்டுல பேச்சு நடக்குதுன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து இந்தக் குழாயடியில நாங்க எதிர்பாத்துக்கிட்டே இருந்தோம் அய்யா. பொண்ணு வீட்டுல இருந்து யாராவது விசாரிக்க வருவாங்க, வந்தா மறைக்காம சொல்லிடணும்னு பேசி வச்சிருந்தோம். ஒருத்தரும் வரல.”

“நீங்களாவது வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா.”

“கேக்காத வீட்டுல வந்து எப்படி அய்யா சொல்லுவோம்? பொறாமையில பேசுதாளுவன்னுதான் நெனைப்பிய.”

அப்படித்தான் நினைத்திருப்பார் என்பது உபதேசியாருக்கே தெரிந்திருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தார். பாதி வழியில்தான் வாய் திறந்தார்.

“ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டாராக்கா?”

“அந்தம்மா அந்தக் குழாயடிக்கு எவ்வளவு நாளா வாராங்க?”

“அந்த ஊர்க்காரி. தினமும்தான் வருவா.”

“ஆமா” என்றார் அக்கா.

உபதேசியார் வெளியே பார்த்தார். பனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. வருகிற தூரம் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. ஒரு மனிதன் காலை ஜெபம் முடித்துக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

“இதைத் தூரப் போட்டுரவா?” என்று டப்பாவைக் காட்டிக் கேட்டார்.

“வசனம் என்ன பாவம் பண்ணிச்சு? வச்சிருங்க. பஸ்ல போகும்போது வாசிக்கலாம்.”

ஊர் நெருங்கியது. கோயில் கோபுரம் தெரிந்தது. உபதேசியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையில் வந்தவருடைய முகம் இல்லை அது.

“நாளைக்கு அவன் வரட்டு. அவன் அம்மை வரட்டு. சபையே கூடி வந்து கேட்டாலும் சரி. நான் அனுப்ப மாட்டேன். முடிவு பண்ணிட்டேன்.”

“நீங்க முடிவு பண்ணிட்டீங்க.”

“ஆமா.”

“இன்னும் ஒரு இடத்துல விசாரிக்கலையே.”

“இன்னும் எங்கக்கா?”

பஸ் அவர் வீட்டு வாசலில் நின்றது. முற்றத்தில் லில்லி காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் துணி மடிக்கும்போது ஏதாவது ஒரு கீர்த்தனையை முணுமுணுப்பாள். இப்போது உதடு அசையவில்லை. இடது பக்கத்தில் அப்பா வந்து இறங்கியதை அவள் கவனிக்கவில்லை.

உபதேசியார் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். கண்டக்டர் விசில் ஊதக் காத்திருந்தார்.

“அவகிட்ட நான் எப்படிக்கா போய்ச் சொல்லுவேன்?”

“சொல்லவா போறீங்க?”

“பின்ன?”

“கேளுங்க” என்றார் அக்கா. “வலது பக்கமா போய் நின்னு கேளுங்க.”