வாதியைக் காணோம்!

கொற்றவாசல் என்று ஒரு சின்ன ராஜ்ஜியம். அதை ஆண்ட உத்தமகேசரி மகாராஜா நல்லவர்தான். ஆனால் புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால் அரண்மனையில் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டார். அந்த வருஷம் அவருக்குப் பிடித்தது சட்டப் பைத்தியம். ரசத்தில் உப்புக் கூடினால் "ஆட்சேபணை!" என்பார். தூக்கம் வந்தால் "சபை ஒத்திவைக்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விடுவார். யாராவது ஒரு சட்டச் சொல்லுக்குப் பொருள் கேட்டுவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

அவர் சபையில் கொன்றைநாதன் என்று ஒரு ஆலோசகன். வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் காலை தோட்டக்காரன் பூவலிங்கத்தின் மனைவி சிலம்பாயி, நிறைமாத வயிற்றோடு மூச்சிரைக்க அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, எங்களை நாடு கடத்தப் போறாங்களாம். இந்த வயித்தை வச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்?"

"பூவலிங்கம் என்னம்மா செய்தான்?"

"சிரிச்சுட்டாரு."

முந்தின நாள் மாலை மகாராஜா தாமரை பறிக்கக் குளத்துப் படியில் இறங்கியிருக்கிறார். பாசி வழுக்கி, தொபுக்கடீர்! எழுந்தபோது தலையில் ஒரு தாமரை இலை. பூவலிங்கம்தான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டான். தூக்கிய கையோடு சிரித்தும் தொலைத்தான். பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

கொன்றைநாதனுக்கே சிரிப்பு முட்டியது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்ததும் மனசு பதறிவிட்டது. "நீ வீட்டுக்குப் போய்ப் படு, தாயி. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

சபை கூடியது. பூவலிங்கத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"பிரதிவாதி சிரித்தது குற்றம். தண்டனை, நாடு கடத்தல்!" என்றார் ராஜா சிம்மாசனத்திலிருந்து.

கொன்றைநாதன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான். "மகாராஜா, எனக்குச் சட்டம் அவ்வளவாகத் தெரியாது. ஒரு சந்தேகம். வாதி என்றால் யார்?"

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "வழக்குத் தொடுப்பவர். இந்த வழக்கில் நான்தான்!"

"அவர் எங்கே நிற்பார்?"

"கட்டியக்காரன் பெயர் சொல்லி அழைத்ததும் வந்து, அதோ, அந்தத் தூணருகே..." சொல்லிக்கொண்டே இறங்கிப் போய் நின்றும் காட்டினார்.

"சாட்சி?"

"கண்ணால் கண்டவர். அதுவும் நான்தான்."

"அவரும் தூணருகேதானா?"

"முட்டாள்! சாட்சி வெளியே அல்லவா நிற்க வேண்டும்? உள்ளே பேசுவதைக் கேட்டால் அதற்கேற்றபடி மாற்றிச் சொல்லிவிடுவாரே! அவரைக் கூப்பிடும்வரை கதவுக்கு அந்தப் பக்கம்தான்." அதையும் செய்து காட்டினால்தான் அவருக்குத் திருப்தி. வேகமாக வெளியே போனார். காவலாளி கதவைச் சாத்தினான்.

கொன்றைநாதன் கண்ணைக் காட்டினான். கட்டியக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வாதி உத்தமகேசரி!"

கதவு தடதடத்தது. "டேய், திறடா! நான்தான் அது!"

காவலாளியின் குரல் கேட்டது. "பொறுத்துக்கோங்க மகாராஜா. இப்ப வாதியைத்தான் கூப்பிடுறாங்க. கூப்பிடாம சாட்சியை உள்ளே விடக் கூடாதுன்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க?"

மூன்று முறை கூப்பிட்டாயிற்று. அதன்பிறகு கொன்றைநாதனே போய்க் கதவைத் திறந்தான். "நீதிபதி அவர்கள் வரலாம்!"

ராஜா முகம் சிவக்க வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறப்பதற்குள் கொன்றைநாதன் பணிவாகக் கேட்டான்: "ஒரு சொல் மட்டும் மறந்துவிட்டது. மூன்று முறை அழைத்தும் வாதி வராவிட்டால் அந்த வழக்கு என்ன ஆகும்?"

"தள்ளுபடி!" என்றார் ராஜா, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பூவலிங்கம் திருதிருவென்று விழித்தான். "ஐயா, தள்ளுபடின்னா நான் எந்தப் பக்கம் போகணும்?"

"வீட்டுப் பக்கம்" என்றான் கொன்றைநாதன்.

"நில்!" என்று கத்தினார் ராஜா. "நான் மேல்முறையீடு செய்வேன்!"

"தாராளமாக. மேல்முறையீடு என்றால்?"

"ஒருவர் சொன்ன தீர்ப்பை அவருக்கு மேலே உள்ளவர் மறுபடி விசாரிப்பது."

"இந்த அரண்மனையில் மகாராஜாவுக்கு மேலே யார்?"

சபை மொத்தமும் அந்தப்புரம் இருக்கும் திசையைப் பார்த்தது.

"மகாராணியாருக்குச் சொல்லி அனுப்புகிறேன்" என்றான் கொன்றைநாதன். "பாசியில் வழுக்கியதிலிருந்து தாமரை இலை வரை நீங்களே அவர்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கும். கேட்டுவிட்டு அவர்களும் சிரித்தால் எந்த நாட்டுக்குக் கடத்துவது என்று இப்போதே சொல்லிவிடுங்கள், பல்லக்குக்கு ஏற்பாடு செய்கிறேன்."

ராஜா அதை நினைத்துப் பார்த்தார். முதலில் மீசை துடித்தது. அப்புறம் தொந்தி குலுங்கியது. விழுந்து விழுந்து சிரித்தார். கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் கொன்றைநாதனிடம் கொடுத்தார். பூவலிங்கத்தைப் பார்த்து, "உன் மனைவியிடம் போய்ச் சொல். பிள்ளை இந்த ஊரிலேயே பிறக்கட்டும்" என்றார். அவன் கும்பிட்ட கையோடு ஓடினான்.

பிறகு ராஜா குரலைத் தாழ்த்திக்கொண்டு சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"மேல்முறையீட்டை வாபஸ் வாங்குகிறேன். ராணியிடம் மட்டும் யாரும் மூச்சு விடக் கூடாது. இது தடை உத்தரவு!"