சுரண்டச் சொன்ன பாட்டு

“அம்மா, இந்தப் பாட்டைச் சுரண்டுவதும் என் அப்பாவைச் சுரண்டுவதும் எனக்கு ஒன்றுதான். என்னால் முடியாது” என்றார் பெர்ட்வின்.

அவர் கிழவர். ஒரு காலத்தில் கேடயம் பிடித்தவர், இப்போது துறவி. அவர் அம்மா என்று அழைத்த எட்கித்துக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் மடத்துக்குத் தலைவி அவள். ஆங்கிலோ-சாக்சன் மக்களிடையே ஆணும் பெண்ணும் இருக்கும் மடத்தைப் பெண் ஆள்வது அன்றைக்குச் சாதாரணம்.

இங்கிலாந்து என்று ஒரே நாடு அப்போது கிடையாது. கடல் தாண்டி வந்து குடியேறிய இந்த மக்களின் சின்னச் சின்ன அரசுகள்தான், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடந்தன. சிலுவை வந்து சில தலைமுறைகளே ஆகியிருந்தன. அதற்கு முந்தைய வீரர்களை விருந்துக் கூடத்தில் யாழ் மீட்டிப் பாடுவார்கள். எழுதி வைக்கும் வழக்கம் இல்லை.

பெர்ட்வின் எழுதிவிட்டார். அப்பா பாடக் கேட்டதைக் கன்றுத்தோலில், ஒரு வரி விடாமல்.

கடலிலிருந்து எழுந்த பூதத்தின் முன்னால், படையே ஓடிப்போன பிறகும் தனியாக நின்று செத்த ஒரு தலைவனின் பாட்டு அது.

விஷயம் ஆயரின் காதுக்குப் போயிற்று. ஆள் அனுப்பிவிட்டார்: “ஞானஸ்நானம் பெறாதவன் நரகத்தில் வேகிறான். அவனுக்கு என்ன பாட்டு? ஈஸ்டருக்குள் சுரண்டிவிட்டு, தோலைப் பைபிளின் சங்கீதப் பாடல்களை எழுத வைத்துக்கொள்ளுங்கள்.”

“என் அப்பாவும் ஞானஸ்நானம் பெறவில்லை. அவரும் அங்கேதான் வேகிறாரா?”

எட்கித் மசி சுரண்டும் கத்தியை அவர் கையில் வைத்தாள்.

“சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சுரண்டுங்கள், சகோதரரே.”

“எல்லார் முன்னாலுமா?”

“ஆமாம். ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துவிட்டுச் சுரண்டுங்கள். நாங்கள் திருப்பிச் சொல்கிறோம். ஒரு எழுத்தும் தப்பவில்லை என்று ஆயருக்குச் சாட்சி வேண்டுமே.”

ஆயரைவிட இவள் மோசம் என்று பெர்ட்வின் நினைத்தார். ஆனால் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்தவர் ஆயிற்றே.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் சுரண்டினார். படிப்பார், கூடம் திருப்பிச் சொல்லும், கத்தி தோலில் கரகரக்கும்.

அவர்களுடைய பாட்டு மோனையில் ஓடுவது. வரியின் முன்பாதி எந்த ஒலியில் தொடங்குகிறதோ, பின்பாதியும் அதே ஒலியைத் தேடி வந்து நிற்கும். அதனால் சுலபத்தில் நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் அவர் வாயைத் திறப்பதற்குள், கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த சகோதரி முந்தின வாரம் சுரண்டிய வரியைப் பிசகாமல் சொல்லிவிட்டாள்.

கத்தி நின்றது. பெர்ட்வின் தலைவியைப் பார்த்தார்.

எட்கித் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். “நிறுத்தாதீர்கள், சகோதரரே. இன்னும் நிறைய இருக்கிறது.”

ஈஸ்டருக்கு ஆயரின் ஆள் வந்தார். தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“சுத்தமாக இருக்கிறது” என்று சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

அடுப்படியில் யாரோ முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பரிமாறியவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு மேஜைகளில் கைகள் தாளம் தட்டின. கடல் எழுந்தது, பூதம் வந்தது, படை ஓடியது.

வந்தவர் பாய்ந்து எழுந்தார். “இதைத்தானே சுரண்டச் சொன்னோம்!”

“தோலிலிருந்து சுரண்டச் சொன்னீர்கள். சுரண்டியாயிற்று” என்றாள் எட்கித்.

“இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இன்றே அவனை மடத்தை விட்டுத் துரத்துகிறேன்!”

கூடம் அடங்கியது. எட்கித் ‘நான்தான்’ என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் பெர்ட்வின் எழுந்துவிட்டார். அவருக்குப் பின்னால் கதவு திறந்தே கிடந்தது. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வந்தவரின் முன்னால் போய் நின்றார்.

“ஓடவும் வழியுண்டு” என்று பாட்டின் அடுத்த வரியைத் தொடங்கினார், அப்பாவின் குரலில்.

மிச்சத்தைக் கூடமே சொன்னது.

“ஓரடியும் நகரேன்.”