எண் இல்லாத ஃபிலிம்

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரிந்தவர் சொல்லித் தருவார், தெரியாதவர் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுச் சமையலறையில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுவார். சீடர் அணைந்தபெருமாள், எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதமாக அவரிடம் கற்றுக்கொள்கிறார். போன மாதத்திலிருந்து தன் வீட்டிலேயே கழுவத் தொடங்கியிருந்தார்.

அந்த ஞாயிறு அவர் காலையிலேயே வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபிலிம் சுருளை எடுத்து மேசையில் வைத்தார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒருத்தர் பொய்யே சொல்லலை. சும்மா இருந்தாரு. அது தப்பா?"

"யாரு அந்த ஒருத்தர்?"

சீடர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

ஜெசிந்தா சுருளைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முப்பத்தாறு படம் இருக்க வேண்டிய சுருளில் ஒரு படம்கூட இல்லை. எதிர் மாடியில் காயும் லுங்கி அதன் வழியே நன்றாகத் தெரிந்தது.

"யாரு எடுத்தது?"

"வடிவு. என் வீட்டுக்காரி. அவ எடுத்த முதல் ஃபிலிம். நாலு மாசமா எடுத்தா, டீச்சர். கோழி, மீன்காரம்மா, வாயைத் திறந்துட்டுத் தூங்குத நான். பேரன் முதமுதல்ல நடந்ததைக்கூட எடுத்திருந்தா."

"அடப் பாவமே. மதினி என்ன சொன்னாங்க?"

"வெறுஞ் சுருளைப் பாத்துட்டு, 'எனக்கு ஃபிலிம் மாட்டத் தெரியலை போல. உள்ள சுத்தவே இல்லை'ன்னா. அவளாத்தான் சொல்லிக்கிட்டா. நான் வாயே திறக்கலை."

"அப்புறம்?"

"கேமராவைத் துணியில சுத்திப் பீரோவுக்குள்ள வச்சுட்டா. அடுத்த வாரம் அவ தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. அந்தப் பிள்ளை இவளைத்தான் படம் எடுக்கச் சொல்லியிருந்துது. 'பெரியம்மாவுக்கு இதெல்லாம் வராது தாயி, வேற ஆளைப் பாத்துக்கோ'ன்னு போன் போட்டுச் சொல்லிட்டா."

"நீங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

புருஷன்மார் சும்மா இருப்பதில் பல வகை உண்டு. இது மோசமான வகை. குருவுக்குக் கோபம் வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. விருட்டென்று எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஃபிலிமை எடுத்தார்.

"டீச்சர், அது புதுசுல்லா!"

"தெரியும்."

கேமராவில் போடவில்லை. வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கைகளை விட்டு, புது ஃபிலிமை அப்படியே கழுவும் டேங்குக்குள் வைத்து மூடினார். முதலில் டெவலப்பர், படத்தை வரவழைப்பது அதுதான். பிறகு தண்ணீர். கடைசியில் ஃபிக்ஸர், வராத மிச்சத்தைக் கரைத்துவிடுவது அது. சீடர் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொன்னார்.

அலசி, ஈரம் துடைத்து, ஜன்னலில் பிடித்தபோது அதிலும் படம் ஏதும் இல்லை. ஆனால் ஓரங்களில், துளைகளை ஒட்டி, எண்கள் வரிசையாகக் கறுப்பாக வந்திருந்தன.

"கேமராவையே பாக்காத ஃபிலிம் இது. எண் எப்படி வந்துது?"

"கம்பெனியிலயே வெளிச்சத்தால பதிச்சு அனுப்புவாங்க. டெவலப்பர் பட்டாத் தெரியும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"மதினி ஃபிலிம்ல எண் எங்க?"

சீடர் அந்தச் சுருளைப் பார்க்கவில்லை. எண் இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

"ரெண்டும் ஒரே மாதிரி பாட்டில், டீச்சர். எழுதி ஒட்டின தாள் நனைஞ்சு உரிஞ்சு போச்சு. ஃபிக்ஸரை முதல்ல ஊத்திட்டேன். ஊத்தி முடிச்ச பெறகுதான் ஃபிக்ஸரோட புளிச்ச வாடை அடிச்சுது."

"ஃபிக்ஸர் முதல்ல போனா?"

"எல்லாம் அழிஞ்சுரும். எண்ணும் சேத்து."

"பெறகு ஏன் மதினிகிட்ட சொல்லலை?"

"பயந்தான். கிழிச்சுத் தொங்க விட்டுருவா. 'முப்பத்தஞ்சு வருஷத்துல நான் ஆசைப்பட்டுச் செஞ்சது இது ஒண்ணுதான், அதையும் கெடுத்துட்டியளே'ன்னு அவ கேட்டுட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

குரு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"சொன்னா மட்டும் படம் திரும்ப வருமா, டீச்சர்?"

"வராது."

"பேரன் நடந்தது?"

"அதுவும் வராது."

"போனது போனதுதானே? பெறகு எதுக்குச் சொல்லணும்?"

குரு இரண்டு சுருளையும் ஒரு தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

"மதினி ஒழுங்கா மாட்டி முப்பத்தாறு படம் எடுத்திருக்காங்க, அண்ணாச்சி. அது இன்னும் அவங்களுக்குத் தெரியாது."