வரிசையில் ஒரு செங்கல்

பொன்னம்பலம் வந்தபோது குரு நாச்சியம்மை ரேஷன் கடைக்கு எதிரே வேப்ப நிழலில் உட்கார்ந்திருந்தார். மடத்துக்கு அரிசி வாங்க அவரேதான் வருவார். வெயிலில் வரிசை நீண்டு கிடந்தது. பாதி ஆட்கள்; மீதி, நிழலுக்குப் போனவர்கள் தங்கள் இடத்தில் வைத்துவிட்டுப் போன கற்கள்.

பொன்னம்பலம் குருவைவிட இருபது வயது மூத்த சீடர். அணைக்கட்டு மின்நிலையத்தில் முப்பது வருஷம் டர்பைனோடு மல்லுக்கட்டியவர். அவருக்கு எப்போதுமே மூக்கின் மேல் கோபம். இன்று கையில் ஒரு தாள் வேறு. பாலிடெக்னிக் போட்டியில் சிறந்த தொழில்நுட்பத்துக்கான பரிசு. மற்ற இரண்டு நடுவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இவரும் போட்டால் ஜெரினா என்ற மாணவிக்குப் பரிசு. மறுத்தால் கிடையாது.

"அநியாயம் அம்மா!"

"அந்தப் பொண்ணு என்ன செஞ்சிருக்கா?"

"ஆஸ்பத்திரி டோக்கன் ஆப்ல ஒரு பட்டன். அதை அமுக்கிட்டு வெளியே போய்ட்டு வந்தாலும் நம்ம முறை போகாது. அவ்வளவுதான்! நாலு வரி ப்ரோகிராம். இதுக்குப் பேரு தொழில்நுட்பமா? அப்போ நான் முப்பது வருஷம் செஞ்சதுக்கு என்ன பேரு?"

பொன்னம்பலம் எதிரே இருந்த வரிசையைக் கைகாட்டினார்.

"அதோ வரிசையில கல்லு வெச்சிருக்காங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதான். கல்லுக்குப் போய் யாராச்சும் பரிசு குடுப்பாங்களா?"

"அதுல ஒண்ணை எடுத்துட்டு வாங்க ஐயா."

விறுவிறுவென்று போனார். முன்னாலிருந்து மூன்றாவதாகக் கிடந்த செங்கல் துண்டைக் கையில் எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், வரிசையே அவர்மேல் பாய்ந்தது.

"யோவ், யாருய்யா நீ? வை கீழே!"

"மாசமா இருக்கிற பொண்ணோட இடம் அது. உனக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?"

"எடுத்த இடத்துலயே வை. ஒரு சாண் தள்ளி வெச்சே, நடக்கிறதே வேற!"

சுவரோரம் உட்கார்ந்திருந்த கர்ப்பிணி, வயிற்றைப் பிடித்தபடி பாதி எழுந்துவிட்டாள். பொன்னம்பலத்துக்கு முகம் செத்துப்போயிற்று. குனிந்து, மண்ணில் தடம் பார்த்து, செங்கல்லை அதே இடத்தில் வைத்தார். அவள் மறுபடி உட்கார்ந்த பிறகுதான் திரும்பினார்.

நிழலுக்கு வந்து சேர்வதற்குள் கோபமும் கூடவே வந்துவிட்டது.

"ஒரு உடைஞ்ச செங்கல்! இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? வெறும் கல்லுதானே அம்மா!"

குரு அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"வெறும் கல்லுதான். அப்புறம் ஏன் ஐயா தடம் பார்த்து வெச்சீங்க?"